பதற்றம் குறைந்திருக்கிறது

போன வாரம் அண்ணாவை தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தோம். அண்ணா, அண்ணி, கார் ஓட்ட நான். டாக்டர் தன் கேள்விகளை முடித்து, போன தடவை போட்ட மார்க்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்ல முன்னேற்றம்மா. சாருக்குப் பதற்றம் நிறையக் குறைஞ்சிருக்கு."

நான் 'அப்பாடா' என்றேன். அண்ணி அழ ஆரம்பித்துவிட்டார்.

நல்ல செய்திக்கு யாராவது அழுவார்களா? சந்தோஷத்தில் அழுவார்கள்தான். ஆனால் இது அந்த மாதிரி அழுகை இல்லை...

அண்ணா கைலாசபுரம் பாய்லர் தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவர். வெல்டிங்கில் முடி அளவு விரிசல் தெரிந்தாலும் 'ரிஜெக்ட்'தான். ரிட்டயர் ஆகி ஸ்ரீரங்கத்தில் ஃப்ளாட் வாங்கிக் குடியேறிய பிறகு மறதி நோய் வந்தது. பெயர்கள் பலவும் போயின. வீட்டுக்கு வரும் வழி போயிற்று. அதற்கெல்லாம் பழகிக்கொண்டோம். பழக முடியாதது அந்தப் பதற்றம். பொழுது சாய்ந்தால் அண்ணியின் பின்னாலேயே நடப்பார். அண்ணி குளிக்கப் போனால் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இதை எப்படி அளப்பது? சர்க்கரையைப் போல ஊசி குத்திப் பார்க்க முடியுமா? கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் - யாரைக் கேட்பது?

முதல் தடவை டாக்டர் அண்ணாவைத்தான் கேட்டார். பயம் இருக்கிறதா, கவலை இருக்கிறதா என்று. அண்ணா சிரித்த முகமாக, அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றார். அடுத்து டாக்டர் அண்ணியைக் கேட்டார். அவரும் இல்லையென்று தலையாட்டினார். புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'இவர் பயப்படுகிறார்' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மார்க் பூஜ்யம்!

டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அண்ணாவை வெளியே உட்கார வைக்கச் சொல்லிவிட்டு, அண்ணியைத் தனியாக விசாரித்து மறுபடி மார்க் போட்டார். அண்ணா உட்கார்ந்தால்தானே? கதவருகே போய் நின்றார். சட்டையெல்லாம் வியர்வை. உள்ளே டாக்டர் அளக்கப் பார்த்த பதற்றம், வெளியே என் பிடியை உதறிக்கொண்டிருந்தது.

அண்ணி வெளியே வந்ததும் அண்ணா பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் என்ன சொன்னார் வசந்தா? உனக்கு ஒண்ணும் இல்லையே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணா இத்தனை நாளும் அண்ணிக்குத்தான் நோய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்! மாத்திரைகள், டாக்டர், வீட்டில் எல்லோரும் குரலைத் தணித்துப் பேசுவது... யாருக்கோ உடம்பு சரியில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. அது தான்தான் என்பது மட்டும் புரியவில்லை. ஒன்றும் இல்லை என்று டாக்டரிடம் சிரித்தது, நோயாளிக்குத் தைரியம் கொடுக்க.

அன்றிலிருந்து அண்ணி, தனக்கு ஒன்றும் இல்லை என்று தினமும் சொல்லி வந்தார். அண்ணா கொஞ்ச நேரம் அடங்குவார். மறுபடி கேட்பார். மறுபடி சொல்ல வேண்டும். எத்தனை தடவைதான் சொல்வது என்று அண்ணி என்னிடம் அலுத்துக்கொண்டதும் உண்டு.

போன வாரமும் டாக்டர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டார். நான் அண்ணாவைப் பிடிக்கத் தயாராக நின்றேன். தேவைப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் எங்களையும் உள்ளே கூப்பிட்டுத்தான் டாக்டர் அந்த நல்ல செய்தியைச் சொன்னார்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் டிராஃபிக். அண்ணா பின்சீட்டில் தூங்கிவிட்டார். அண்ணி மெதுவாகச் சொன்னார்.

"அவரு இப்பல்லாம் கேக்கறதே இல்ல தம்பி. நானாப் போய், நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றேன். அப்படீங்களான்னு சிரிக்கிறாரு. பக்கத்து வீட்டுக்காரங்கள பாத்து சிரிக்கிற மாதிரி."

டாக்டரின் அளவில் தப்பில்லை. பதற்றம் குறைந்துதான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது, எங்கே இருக்கே, சாப்பிட்டியா, ஏன் லேட்டு என்று தொணதொணக்கிறார்களா? இன்றைக்கு எரிந்து விழாமல் பதில் சொல்லுங்கள்... இன்னும் கேட்கிறார்களே!