மேரி அக்கா போட்ட சத்தம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெண்டைச் செடிகள் வளர்க்கிறோம். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள், ஒரு மாலை பிஞ்சுக்காய் ஒன்றைப் பறித்துப் பச்சையாகவே கடிக்கப் போனாள்.

பக்கத்து மாடியில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மேரி அக்கா, "வாயில வெக்காத! காலைல தான் உங்க நைனா பூச்சிமருந்து அடிச்சிகினு இருந்தாரு!" என்று கத்தினார். என் கணவர் அதைச் சொல்லாமலே வேலைக்குப் போயிருந்தார். நான் அவள் கையிலிருந்து காயைப் பிடுங்கிக்கொண்டேன்.

"கழுவினா போயிடாதாக்கா?" என்று கேட்டேன்.

"முழுசா போவாதும்மா. செடியில இருக்கறப்பவே கொஞ்சம் கொஞ்சமா வீரியம் கொறையணும். எத்தினி நாள் பொறுக்கணும்னு டப்பாவுலயே போட்டுகீது."

இப்போதெல்லாம் மருந்து அடித்த செடியில் சிவப்புத் துணி கட்டுகிறோம். டப்பாவில் சொன்ன நாட்கள் கழிந்த பிறகே அவிழ்த்துக் காய் பறிக்கிறோம்.

பேரன் பிறந்து வீட்டுக்கு வந்ததும், முதலில் மேரி அக்கா கையில்தான் கொடுத்தேன்.