எண்ணாமல் விட்ட ஹைட்ரஜன்

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர் அணு வாத்தியார். வைத்தது பிள்ளைகள். அவருக்கும் உள்ளுக்குள் பெருமைதான். வேதியியல் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சுற்றி வளைத்து அணுவிடம் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். குடும்பத்தைப் பற்றி யாராவது கேட்டாலும் இதே கதைதான். "நாங்க ஒண்ணுக்கு ஒண்ணு. நான் ஒரு அணு, அவ ஒரு அணு. முடிஞ்சுது எங்க வீடு" என்பார். ஆசிரியர் அறையே சிரிக்கும். சிரிக்க வேண்டிய பேச்சுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

மூன்றாவது ஆள் அவருடைய அக்கா. கணவன் போன பிறகு ஒரு தகரப் பெட்டியோடும் தையல் மிஷினோடும் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். பகலெல்லாம் தையல் கடையில் வேலை, முன்னும் பின்னும் வீட்டு வேலை. வாத்தியாரின் மனைவியும் அவளும் அடுக்களையில் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். வாத்தியார் எட்டிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அபூர்வம். சண்டை ஒன்றும் கிடையாது. பழக்கமில்லை, அவ்வளவுதான். "உன் புருஷன் குடையை விட்டுட்டுப் போறான் பாரு" என்று அக்கா உள்ளேயிருந்து சொல்வாள். மனைவி வாசலுக்கு ஓடிவந்து, "குடை எடுத்துக்கச் சொல்றாங்க உங்கக்கா" என்பாள். "வேணாம்னு சொல்லு" என்பார் இவர். அவள் மறுபடி உள்ளே ஓடுவாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், கூப்பிடு தூரத்தில்!

அப்படி ஓடிக்கொண்டிருந்த மனைவி ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் வாத்தியார் ஒன்றையே சொல்லி அழுதார். "எனக்கு எல்லாமே அவதான். சட்டைக்குப் பொத்தான்லேர்ந்து மாத்திரை வரைக்கும் அவ கைதான். இனிமே இந்த வீட்ல நான் தனி ஆளு." அவர் அதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தவள் அக்கா. கேட்டுக்கொண்டே அடுத்த டம்ளரை நீட்டினாள். மாதக்கணக்கில் அவர் புலம்பிக்கொண்டே இருந்தார். அத்தனை மாதமும் அவர் சட்டையில் பொத்தான் இருந்தது, மேஜை மேல் மாத்திரை இருந்தது. யார் வைத்தது என்று அந்தப் படித்த மனிதருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒருநாள் அக்கா, "கடைக்கு மேல ஒரு ரூம் காலியா இருக்கு. போய்க்கறேன், வேலைக்குப் பக்கம்" என்றாள். "சரி" என்றார். பாவி மனுஷன், சரி என்றார்!

அதற்குப் பிறகுதான் வீடு வீடாக இல்லாமல் போயிற்று. பொத்தான் அறுந்தது அறுந்தபடியே கிடந்தது. மாத்திரை தீர்ந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய்ப் பாத்திரத்தைத் தீய்த்தார். சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால் தன் செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. துக்கம் தாமதமாகத்தான் உறைக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மனைவியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் அழுதார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கூழ்ப்பானையில் விழுந்ததாம்.

வகுப்பில் டால்டன் கொள்கை வந்தது, வருஷா வருஷம் வருவதுதான். "கண்ணுக்குத் தெரியாத அணுவைத் தராசை வெச்சே பிடிச்சவரு, சாதாரண ஆள் இல்ல" என்று தொடங்கி, குறைகளுக்கு வந்தார். அணுவைப் பிளக்க முடியாது என்றார் டால்டன், பிளந்துவிட்டார்கள். ஒரே தனிமத்தின் அணுக்களெல்லாம் ஒரே எடை என்றார், அதுவும் இல்லை. ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் ஒன்றோடொன்று சேராது, தள்ளிக்கொள்ளும் என்று நம்பினார். சேருகிற அணுக்களையும் எது சேர்த்துப் பிடிக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பிறகு தண்ணீர்.

"தண்ணில ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்னு எடுத்துக்கிட்டாரு. வேற காரணம் இல்ல, அதுதான் சுலபமான கணக்கு."

"அப்ப இன்னொரு ஹைட்ரஜன் எங்க சார் போச்சு?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள்.

"எங்கேயும் போகலம்மா. அங்கேயேதான் இருந்துது. அவர் எண்ணல. அதை எண்ணாததால ஆக்சிஜனோட எடையும் தப்பாப் போச்சு, பாதியாத்தான் வந்துது."

சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பினார். நடுவில் ஆக்சிஜன் போட்டு, இந்தப் பக்கம் ஒரு ஹைட்ரஜன், அந்தப் பக்கம் ஒரு ஹைட்ரஜன் வரைந்தார். நடுவில் இருப்பதை இரண்டும் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்கொன்று கோடு இல்லை. சாக்பீஸ் கையிலேயே நின்றது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். "மீதியை நீங்களே படிச்சுக்குங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பள்ளி விட்டதும் நேரே தையல் கடைக்குப் போய் மாடியேறினார். கட்டில் போட்டால் மிஷினுக்கு இடமில்லாத அறை. அக்கா மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டையில் இரண்டு பொத்தானைக் காணோம்.

"என்னடா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. உன்னை எண்ணாம விட்டுட்டேன்."

அவளுக்கு விளங்காமல் இல்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவ எண்ணினாடா. அது போதும்னுதான் அந்த வீட்ல இருந்தேன்."

"திரும்பி வந்துடுக்கா."

"வந்து? யார்கிட்ட பேசறது?"

அவர் பொத்தான் இல்லாத இடத்தை விரலால் இழுத்து மூடிக்கொண்டார். "சமையலுக்கு ஆள் வேணும்னா சொல்லு, பாத்துத் தரேன்" என்றாள் அக்கா.

"சமையலுக்கு இல்ல." சுவரைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். பிறகு, "அடுக்களைல நீங்க ரெண்டு பேரும் அப்படி என்னதான் பேசுவீங்க?" என்று கேட்டார்.

"உன்னைத் திட்டுவோம். வேறென்ன?"

"அப்ப திட்டு."

அக்கா சிரிக்கத்தான் வாயெடுத்தாள். முடியாமல் மிஷின்மேல் தலையைச் சாய்த்து அழுதாள், மனைவி செத்த அன்றுகூட அழாதவள். அவர் ஸ்டூலில் கிடந்த துணிகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி இரண்டு பொத்தானையும் தைத்துக் கொடுத்தாள். திட்டவும் செய்தாள். கஞ்சத்தனம், மறதி, ஒண்ணுக்கு ஒண்ணு என்ற பீற்றல், எதையும் பாக்கி வைக்கவில்லை.

வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

படியில் பாதி இறங்கியிருப்பார். அந்த இருட்டு வீட்டின் சாவி இப்போதே கையில் கனத்தது. மேலேயிருந்து குரல் வந்தது. இடையில் ஓட ஆளில்லாமல், அவருக்கே நேராக வந்தது.

"டேய், மழை வர மாதிரி இருக்கு. குடையை எடுத்துக்கோ."

வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. திரும்பிப் படியேறி வாங்கிக்கொண்டார். "நாளைக்குக் கொண்டாந்து தரேன்" என்றார்.