எண்ணெய்க் கை

என் மனைவிக்கு என்னைவிட ஒரு என்சைமின் மேல் அக்கறை அதிகம். இதை வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்க்கிறேன், வயிற்றெரிச்சல் முந்திக்கொள்கிறது.

இருவரும் ஒரே வகுப்பில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவர்கள். மார்க் எனக்குத்தான் அதிகம். இதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதிலிருந்தே என் நிலைமை புரிந்திருக்கும். அப்பா படுக்கையில் விழுந்ததும் விருத்தாசலத்தில் அவர் நடத்திய பீங்கான் யூனிட் என் தலையில் வந்து உட்கார்ந்தது. ஃபியூஸ் கட்டைகள் செய்கிறோம். அவள் கல்யாணத்துக்குப் பிறகும் ஆராய்ச்சியை விடவில்லை. திங்கட்கிழமை காலை பாண்டிச்சேரி பஸ் ஏறுவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்புவாள். வந்ததும் பேச்செல்லாம் அந்த என்சைம்தான்.

ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தில் பிளாட்டினம் செய்கிற வேலையை ஒரு பாக்டீரியாவின் என்சைமும் செய்யுமாம். ஆனால் ஆக்சிஜன் பட்டால் அதன் கதை முடிந்தது. அதனால் அவள் அதை ஜெல்லி போன்ற ஒரு பாலிமரில் கலந்து, சின்ன கார்பன் வில்லையின் மேல் பூசுவாள். உள்ளே வரப்பார்க்கும் ஆக்சிஜனை மேலடுக்கே பிடித்துத் தண்ணீராக்கிவிடும். அடியில் இருக்கும் என்சைம் பிழைக்கும். கேட்கக் கேட்க, இதெல்லாம் நான் செய்திருக்க வேண்டியது என்றுதான் தோன்றும்.

ஆனால் என்சைம் பிழைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது ஐந்தே குப்பி என்சைம். அது தீர்வதற்குள் ஒரு வில்லையாவது காற்றில் தாக்குப்பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அவள் வேலை அந்த வருஷத்தோடு சரி. இரண்டு குப்பி வீணான பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தைப் போனில் காட்டினாள். பூச்சின் நடுவே வட்டமாக ஒரு வழுக்கை.

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் யூனிட்டில், பீங்கானுக்குப் பளபளப்புத் தரும் கிளேஸ் குழம்பில் கட்டைகளை முக்கும் நாளில் யாரும் தலைக்கு எண்ணெய் வைத்து வரக் கூடாது. நானே போட்ட சட்டம். கொண்டையைத் தொட்ட விரல் கட்டையில் பட்டால் அந்த இடத்தில் கிளேஸ் ஒட்டாமல் விலகிக்கொள்ளும். சூளையிலிருந்து இதே வழுக்கையோடுதான் வரும். இவளுக்கோ, கையுறை போட்டிருந்தாலும் நெற்றி முடியைத் தள்ளிவிட்டுக்கொண்டே வேலை செய்கிற பழக்கம். அதே கையுறையால்தான் வில்லையையும் எடுப்பாள். வழுக்கை வழியாக ஆக்சிஜன் நுழையாமல் என்ன செய்யும்?

நான் சொல்லவில்லை. ஏதோ குமிழியாக இருக்கும் என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு உள்ளுக்குள் ஒரு சுகம் இருந்தது, மறைப்பானேன். அவளுக்குத் தெரியாத ஒன்று கடைசியில் எனக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை காலை அவள் கண்ணாடி முன்னால் நின்று தலைக்கு எண்ணெய் தடவுவதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தேன். பஸ் ஸ்டாண்டில் இறக்கியும் விட்டேன்.

அந்த வாரம் மூன்றாவது குப்பி போயிற்று. அடுத்த வாரம் நான்காவது. அந்த வெள்ளிக்கிழமை அவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

மறுநாள் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு யூனிட்டுக்கு வந்தவள், கிளேஸ் தொட்டியருகே நின்ற அக்காவிடம் பேச்சுவாக்கில் போனை நீட்டினாள். பல வருஷமாக எங்களிடம் கட்டைகளை முக்குகிறவர் அவர். யோசிக்கவே இல்லை.

"எண்ணெக் கை பட்டிருக்குது யம்மா. அந்த எடத்துல புடிக்காது. சாருதான் தெனமும் கத்துறாரே, வூட்ல சொன்னதில்லியா?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அடுக்கி முடித்த கட்டைகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தேன்.

ஐந்தாவது குப்பி தாங்கியது. அவள் வேலையும் நீடித்தது. ஆய்வுக் கட்டுரை வெளியானதும் போனில் காட்டினாள். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அந்த அக்காவின் பெயர் இருந்தது. என் கண் என் பெயரைத் தேடியது. வெட்கமில்லாமல் கேட்டும்விட்டேன், என் பெயர் ஏன் இல்லை என்று.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் தோளில் கை வைத்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"அந்தப் போட்டோவ மொதல்ல பாத்ததே நீங்கதாங்க. தெரிஞ்சிருந்தா சொல்லாமலா இருந்திருப்பீங்க?"

ஆமாம், தெரியவில்லைதான் என்றேன்.