உப்புத் தண்ணீருக்குத் தாங்குகிற ரீல்

பெங்களூரிலிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடல் ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீட்டர். ஆனால் கடல் மீன் பிடிக்க, தூண்டில் கழியில் நூல் சுற்றும் ரீல் வாங்க நாங்கள் ஊருக்குள்ளேயே பயணம் போனோம். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சிவாஜிநகர், இருபத்திரண்டு கிலோமீட்டர். 2008, ஒரு சனிக்கிழமை.

காலை எட்டு மணிக்கு அத்திபெலேயிலிருந்து வந்த பஸ்ஸில் முனிராஜ் அண்ணன் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தார். செக்போஸ்ட் பக்கத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். முகத்தில் இரண்டு வாரத் தாடி. மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் அவர் தம்பி நாகுவின் பழைய ரீல்.

நாகு என் அறைத்தோழன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் இருவரும் பஸ் ஏறி மேற்குக் கடற்கரைக்குப் போய்விடுவோம். பாறை மேல் நின்று, ஜிக் என்கிற மீன் வடிவ உலோகத் துண்டை வீசி, துள்ளத் துள்ளச் சுண்டி இழுப்பது எங்கள் பைத்தியம். கடைசியாகப் போனபோது பெரிய மீன் ஒன்று அவன் ஜிக்கைக் கவ்வியது. ரீலில் டிராக் என்று ஓர் உறுப்பு உண்டு. மீன் இழுக்கிற இழுப்புக்கு நூலை அளவோடு விட்டுக்கொடுப்பது அதன் வேலை. அது விடவில்லை. நூலும் அறவில்லை. கழியைக் காப்பாற்றப் பாசி படிந்த கீழ்ப்பாறையில் ஓர் அடி வைத்தான். அடுத்த பாறையிலிருந்து நான் திரும்பிப் பார்த்தபோது அங்கே அலை மட்டும் இருந்தது. மறுநாள் படகுக்காரர்கள் அவனைக் கொண்டுவந்தார்கள். கழியும் ரீலும் பாறை இடுக்கில் கிடைத்தன.

ஞாயிற்றுக்கிழமை கருமாதி. உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்டதைப் படையலில் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"நல்ல ரீல் ஒண்ணு வாங்கணும்ணான்னு எங்கிட்ட கேட்டான்பா," என்றார் அண்ணன். "மார்க்கெட்டுல மீனே விக்குது, உனக்கெதுக்குடா மிஷினுன்னு சிரிச்சேன்."

எலிவேட்டட் ரோட்டுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த வருடம் அது. பொம்மனஹள்ளியில் பஸ் அரை மணி நேரம் நின்றது. தூசிக்கு ஜன்னலை இழுத்து மூடிவிட்டு அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"போட்டோ முன்னாடி வெக்கத்தானே, எதா இருந்தா என்னன்னு சும்மனே ஒண்ணு எடுத்துக் குடுத்துடாத. உப்புத் தண்ணிக்குத் தாங்கணும்."

மார்க்கெட்டில் பஸ் மாறி, சிவாஜிநகரில் இறங்கும்போது பத்தரை. கறிக்கடைச் சந்தைத் தாண்டி, வலைக்கும் கயிற்றுக்கும் நடுவே ரீல்களைத் தொங்கவிட்டிருந்த கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் பாய்க்கு என்னைத் தெரியும்.

"அரே, வாங்க! இன்னொரு சார் எங்க? பெரிய வாய் பேசுவாரே, அவரு?"

"வரல பாய்," என்றேன். அதற்குள் அண்ணன் கல்லா மேல் பையைக் கவிழ்த்துவிட்டார்.

"இது ஏன் நூலு விடலைன்னு எனக்குத் தெரியணும். பிரிச்சுக் காட்டு, தம்பி."

பாயிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கிப் பிரித்தேன். டிராக் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நகத்தால் நெம்பியும் பிரியவில்லை. நடுத்தண்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை அண்ணன் விரலால் தொட்டார்.

"கடல்ல கெடந்த ஒரு நாள்ல ஆனதா?"

"இல்லண்ணா, பழைய உப்பு. கெட்டியா உறைஞ்சிருக்கு."

"அவன் கழுவவே இல்லியா?"

கழுவினான். ஊர் திரும்பியதும் தான் குளிப்பதற்கு முன்னால் ரீலைக் குளிப்பாட்டுவான். பி.ஜி. விடுதி பாத்ரூம் வாளியில் வெந்நீர் பிடித்து, மணிக்கணக்கில் முக்கி வைப்பான். வெளியே இருந்த உப்பு கரைந்து உள்ளே போய், தண்ணீர் வற்றியதும் அங்கேயே தங்கிவிட்டது. குழாயை மெதுவாகத் திறந்து மேலாகக் கழுவித் துடைத்தால் போதும் என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தெரியாது. அண்ணனிடம் அப்படியே சொன்னேன்.

"அப்போ நல்ல ரீலா இருந்தாலும் இப்பிடித்தான் ஆயிருக்குமா?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவர் வந்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தூக்கம் வந்திருக்கும். ஆனால் அதற்குள் பாய் எடுத்து மூடி கழற்றி வைத்திருந்த ஒரு கறுப்பு ரீலின் டிராக்கில், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் என் கண்ணெதிரே இருந்தது.

"தாங்கியிருக்கும்ணா."

தலையை மட்டும் ஆட்டினார். "சரி. எது நல்லதுன்னு பாரு."

பாய் கையில் நீட்டியது வேறொன்று, பளபளப்பானது. "பதிமூணு பேரிங் சார், வெண்ண மாதிரி சுத்தும்." நாகு மயங்கியதும் அந்த எண்ணிக்கையில்தான். கம்ப்யூட்டர் வாங்குவது போலவே எங்கள் ஐ.டி. கூட்டம் ரீலும் வாங்கியது: எண் பெரிதென்றால் பொருள் உசத்தி. கடலில் அடைப்பில்லாத ஒவ்வொரு பேரிங்கும் துருப்பிடிக்க இன்னோர் இடம். உடல் உலோகமா, கைப்பிடி மரையில் திருகி உட்காருகிறதா, நூல் உருளையிலும் டிராக்கிலும் தண்ணீர் புகாத அடைப்பு உண்டா என்று பாருங்கள். பேரிங் ஐந்தோ ஆறோ போதும். பாய் எடுத்துவைத்த அந்தக் கறுப்பு ரீலில் எல்லாம் இருந்தது. விலை ஏழாயிரத்து இருநூறு.

பாய் அதில் நூல் சுற்றி, நுனியை அண்ணன் கையில் கொடுத்தார். "இழுங்க சார், மீன் மாதிரி."

தார்ப்பாய் தைத்துக் காய்த்த கையால் அண்ணன் இழுத்தார். ரீல் டிர்ர்ரென்று முனகிக்கொண்டே நூலை விட்டது. இரண்டு முழம் வந்ததும் நிறுத்தினார்.

"இவ்ளோதானா?"

"இவ்வளவுதாண்ணா."

"இவ்ளோ விட்டிருந்தா போதுமா அவனுக்கு?"

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் பேரம் பேசவில்லை, பேசவும் விடவில்லை. ஆறாயிரத்தை எடுத்துக்கொண்டு பெட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

ஞாயிறு, அத்திபெலே. பகல் ஒரு மணிக்குப் படையல். கோழிக்குழம்பு, வடை, முறுக்கு, அவனுடைய நீலச் சட்டை. மீன் மட்டும் சமைக்கவில்லை. அண்ணன் ரீலைப் பெட்டியோடு வைத்ததும், சுவரோரம் உட்கார்ந்திருந்த நாகுவின் அம்மா வாய் திறந்தார்.

"பொட்டிய பிரிச்சு வைடா. அவன் எப்பிடிப் பிரிப்பான்?"

கற்பூரம் அணைந்து, சாப்பாடு முடிந்தது. படையலில் வைத்ததை அவன் வயதுப் பிள்ளை ஒருவனுக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். அம்மா என்னைக் கைகாட்டினார். அண்ணன் ரீலை எடுத்துவந்தார். கொடுப்பதற்கு முன் டிராக் குமிழைப் பிடித்து இடப்பக்கமாகத் திருகினார். நூல்கண்டு தொளதொளவென்று ஆடும்வரை திருகிக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு லூசா இருந்தா மீன் வராதுண்ணா."

"வராட்டிப் போவுது."

மூன்றரை மணி பஸ்ஸில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் திரும்பினேன். காலையில் போகும்போது ஊர் வளர்வதாகத் தெரிந்த ரோடு, திரும்பும்போது வெறும் பள்ளமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் மடியில் அந்த நூல்கண்டு தானாகச் சுழன்று டிக் டிக்கென்றது. பக்கத்து இருக்கைக்காரர், "என்ன சார் அது, கடிகாரமா?" என்றார். குமிழை ஒரு சுற்று இறுக்கினால் சத்தம் நின்றுவிடும். இறுக்கவில்லை.