சஜ்னா ஒட்டாத மீன்

இன்று காலை நடந்தவை:
1. அலுவலகத்தில் புதிய பசைப் போத்தலொன்றைத் திறந்தேன்.
2. மணம் மூக்கில் ஏறியது.
3. ஒட்டவேண்டிய வீட்டு வரைபடம் மேசையில் கிடக்க, கால்மணி நேரம் சும்மா இருந்தேன்.

பசை மணம் என்றால் எனக்கு மருதமுனைப் பாலர் பாடசாலைதான். படவரைஞர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த மாதங்களில் அங்கே சித்திரம் கற்பித்தேன். கற்பித்தேன் என்பது கொஞ்சம் பெரிய சொல். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிய ஆள் நான். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது.

பெற்றோர் வந்து பார்க்கும் கண்காட்சிக்கு நூல் மீன் செய்வதாகத் திட்டம். தறி வீடுகளில் மிஞ்சிய நூல் துண்டுகள் மூட்டையாக வந்தன, கஞ்சியும் சாயமும் மணக்க. அவற்றை நறுக்கி அட்டை மீனில் செதிலாக ஒட்ட வேண்டும். நெசவாளியின் மகள் சஜ்னாவுக்கு அந்தக் கிழமை முழுக்க ஒரே கதை:

"உம்மா கட்டார்ல இருந்து வந்திட்டா டீச்சர். நான் செஞ்சதப் பாக்க வருவா."

கட்டாரில் வேலை செய்து இரண்டு வருடம் கழித்து வந்த தாய். ஆனால் சஜ்னா ஒட்டவேயில்லை. துண்டுக்குத் துண்டு முடிச்சுப் போட்டு உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், சஜ்னாட மீன் மொட்டை மீன்!" என்றாள் பக்கத்திலிருந்த றிஸ்னா.

"ஏன் புள்ள ஒட்டல்ல?"

"அறுந்த நூல முடியணும் டீச்சர். ஒட்டினா வீணாப் போயிரும். வாப்பா ஏசுவாரு."

அவ்வளவு சின்ன முடிச்சுகளை நான் அதுவரை கண்டதில்லை. கண்டும் என்ன? மறுநாள் கண்காட்சி. பட்டியலில் நான்காவது, 'நூலை நறுக்குதல்'. உருண்டையை வாங்கி நறுக்கி, அவளுடைய மீனை நானே ஒட்டினேன். அவள் அழவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் உம்மா புது அபாயாவில் வந்தார். மீன்களுக்குக் கீழே பெயர்களைத் தேடி, "மாஷா அல்லாஹ்! இதுவா மகள் நீங்க செஞ்ச?" என்று குனிந்தார்.

"இல்ல உம்மா. அது டீச்சர் செஞ்ச," என்றாள் சஜ்னா. "நான் செஞ்சது இப்ப இல்ல."

உம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது அந்தப் பாடசாலைக்கு நூல் மூட்டை வருவதில்லை. கடை ஒட்டுப்படப் புத்தகங்கள்தான். உம்மா மறுபடியும் கட்டாருக்குப் போய்விட்டார். சஜ்னா பெரிய பாடசாலைக்குப் போகிறாள், வீதியில் கண்டால் ஸலாம் சொல்கிறாள். நான் பதில் சொல்கிறேன். அந்த உருண்டையைப் பற்றி இன்னும் அவளோடு கதைக்கவில்லை.