நாலாவது ஆளுக்கு இடம்

நீலாவதி என்றால் கச்சால் ஐயாவு மகள். ஐயாவு கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்குப் பால் வெட்ட வந்தவர். பெண்சாதி ஒச்சம்மா. ஐயாவுக்கு ஒரே தங்கை மருதாயி. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அண்ணன் வீட்டோடு வந்து, அண்ணன் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள். ஐயாவும் ஒச்சம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மருதாயி இருக்கிறாள், வடக்கே பெரிய தீவில், கராச்சர்மா என்கிற ஊரில், நீலாவதி வீட்டில். நீலாவதியின் தம்பி கௌதமும் அங்கேதான்.

நீலாவதிக்கு வனத்துறை நாற்றுப்பண்ணையில் மஸ்தூர் வேலை. நாள் முழுக்க மண்ணை அள்ளிப் பையில் போட்டுக் கன்று நடுவாள். வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, உலை வைத்துவிட்டால், உட்காருவது கம்ப்யூட்டர் முன்னால். கடலுக்கு அடியில் கேபிள் வந்து இன்டர்நெட் ஓட ஆரம்பித்த வருஷம் கௌதம் வாங்கிய பெட்டி அது. வாங்கியவன் அவன்; ஆண்டு அனுபவிக்கிறவள் அவள்.

சுடுகிற விளையாட்டு அவளுக்கு ஆகாது. கார் ஓட்டுகிற விளையாட்டைப் பார்த்தால் தலை சுற்றும். அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: ஒரு ஆளாக வேஷம் கட்டிக்கொண்டு, துணைக்கு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராக நடக்கிற விளையாட்டு. ஒரு ஊருக்குள் நுழைந்தாள் என்றால் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, உள்ளே இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தையாவது பேசிவிட்டுத்தான் நகர்வாள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் என்ன, அவசரமா?

"கோழியைத் தேடிக் குடுத்துட்டு வர்றதுக்கு ஒரு சாயங்காலமாக்கா?" என்று கௌதம் நக்கல் அடிப்பான்.

"கேட்டது கெழவிடா. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"அது கம்ப்யூட்டர் கெழவி."

"கெழவி கெழவிதான்."

நாற்றுப்பண்ணையில் ஒருநாள் கூட வேலை செய்கிற பெங்காலிப் பெண் கேட்டாள், இத்தனை வயதில் இது என்ன பைத்தியம் என்று. நீலாவதி கூச்சப்படவில்லை. "சினிமாவில அவங்க பண்றத நாம பாக்குறோம். இதுல நீ என்ன பண்ணுவேன்னு நம்மளக் கேக்குது. என்னை வேற யாரு கேட்டா, சொல்லு" என்றாள், ஹிந்தியும் தமிழுமாக.

விளையாட்டில் துணை ஆட்களுக்கு நாமே பேர் வைக்கலாம். வாள் பிடித்த பெண்ணுக்குத் தன் பேர். கேடயம் தூக்குகிறவருக்கு ஐயாவு. பச்சிலை கொடுத்துக் காயம் ஆற்றுகிறவளுக்கு ஒச்சம்மா. வில் பிடித்தவளுக்கு மருதாயி. மருதாயி அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தினமும் பார்ப்பாள். தன் அம்பு பட்டு ஓநாய் விழுந்தால் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொள்வாள். அவ்வளவுதான் அவள் காட்டுகிற சந்தோஷம்.

இப்படி மலை, காடு, பாலைவனம் எல்லாம் தாண்டி, போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாலு பேரும் ஒரு கருப்புக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கரையில்தான் கதை முடியும். படகுக்காரன் ஒருவன் நின்றான். படகில் மூன்று பேருக்குத்தான் இடம், ஒருவரை விட்டுவிட்டு வா என்றான். விட்ட ஆள் இனி வந்து சேரமாட்டார் என்றும் சொன்னான்.

நீலாவதி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

கௌதம் எட்டிப் பார்த்தான். அவன் இதை முன்பே ஆடி முடித்தவன். "இங்க எல்லாரும் ஒரு ஆளை விடத்தான் விடணும்கா. நான் வில்லுக்காரியை விட்டேன். கதையே அதுதான்."

"என்னையா விட்டே?" என்றாள் மருதாயி.

"உங்களை இல்லத்தை. என் ஆட்டத்துல அவ பேரு வேற."

மருதாயி திரையில் நிற்கிற நாலு பேரையும் விரலால் எண்ணினாள். பிறகு, "அவன் சொல்றதுதான் சரி. ஒங்கப்பனும் ஆத்தாளும் சேந்து போவட்டும். நான் அடுத்த கப்பல்ல வாரேன்" என்றாள்.

அந்தச் சொல் நீலாவதியைப் பிடித்து உலுக்கிவிட்டது. அதே சொல்லை அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள். சுனாமி கச்சாலைத் துடைத்துப் போட்டபின், மேட்டில் கிடந்தவர்களை ஏற்ற ஒரு கப்பல் வந்தது. ஐயாவு ஏறிவிட்டார், பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம், மிச்சம் பேர் நாளைக்கு என்றார்கள். மருதாயி அன்றைக்கும் இதே குரலில், நான் அடுத்த கப்பலில் வருகிறேன் அண்ணி என்றாள். ஒச்சம்மா ஒரு காலை ஏணியில் வைத்தாள், மறுகாலை மண்ணில் வைத்தாள். ஏணியைத் தூக்க முடியவில்லை. அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "இவளும் நானும் ஒரு ஆளு எடத்துல நின்னுக்கிறோம்" என்பதையே சொல்லிக்கொண்டு நின்றாள். கடைசியில் இரண்டு பேரையும் ஏற்றினார்கள். அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் கரையில் விட்டதில்லை.

"விடமாட்டேன்" என்றாள் நீலாவதி.

"அப்போ ஆட்டம் இங்கேயே நிக்கும். ஹோ கயா, முடிஞ்சுது" என்றான் கௌதம்.

"நிக்கட்டும். நானும் நிக்கிறேன்."

தீவுக்காரர்களுக்குக் கப்பல் விஷயத்தில் ஒரு பழக்கம் உண்டு. கவுண்டரில் ஃபுல் என்று சொன்னால் மெயின்லேண்ட்காரன் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். தீவுக்காரன் மூட்டையோடு கப்பல் துறைக்குப் போவான். எவனாவது வராமல் இருப்பான், எவனுக்காவது காய்ச்சல் வந்திருக்கும். ஏணியைத் தூக்குகிறவரை ஃபுல் என்பது ஃபுல் இல்லை. நீலாவதி அதைத்தான் செய்தாள். படகுக்காரனிடம் மறுபடி கேட்டாள். அதே பதில். இன்னொரு முறை கேட்டாள். அதே பதில்.

"அது மெஷின்கா. நம்ம டிக்கெட் பாபு இல்ல, பாவம் பாத்துக் குடுக்க."

"அந்த மெஷினுக்குப் பேச்சு எழுதினவன் மனுஷன்தானேடா."

ஒரு பொத்தானையும் தொடாமல், நாலு பேரையும் படகுப் பக்கத்திலேயே நிறுத்திவைத்தாள். வெளியே மழை தகரத்தில் கொட்டியது. எழுந்து போய்ச் சோற்றை வடித்துவிட்டு வந்தாள். மருதாயி நாற்காலியை விட்டு அசையவில்லை. திரையில் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி, படகு ஆட ஆரம்பித்தது. கௌதம் அதைப் பார்த்ததே இல்லை. அவன் இங்கே மூச்சு விடுகிற நேரம்கூட நின்றவன் இல்லை. விளையாட்டுக்குள் எங்கேயோ மணி அடித்தது. படகுக்காரன் திரும்பிக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

"இப்பக் கேளுடி" என்றாள் மருதாயி.

நீலாவதி கேட்டாள். படகுக்காரன் புதிதாக ஒன்று பேசினான். அவள் எழுத்துக் கூட்டுவதற்குள் கௌதமே குனிந்து வாசித்தான். குரல் மாறிப்போயிருந்தது.

"துடுப்புப் போடற ஆளு வரலையாம். வில்லு வச்சிருக்கிற அம்மாவுக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியுமான்னு கேக்குறான்."

கீழே இரண்டு பதில்கள் இருந்தன, தெரியும் என்றும் தெரியாது என்றும். நீலாவதி அத்தையைப் பார்த்தாள்.

"தெரியும்னு சொல்லு. இவனுக்கு முன்னாடியே நான் கச்சால்ல ஓடம் தள்ளினவ" என்றாள் மருதாயி.

நாலு பேரும் ஏறினார்கள். வில்லை முதுகில் மாட்டிக்கொண்டு மருதாயி துடுப்பைப் பிடித்தாள். ஐயாவும் ஒச்சம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முன்னால் நீலாவதி நின்றாள். படகு கரையை விட்டது. கரையில் ஒருவரும் இல்லை.

கௌதம் ஒரு முக்காலியை இழுத்து அக்கா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். பிறகு, "நான் கேட்டே பாக்கலக்கா" என்றான்.

"மொதல்லேந்து ஆடு. யாரு வேணாம்னா?" என்றாள் நீலாவதி. அவள் முதுகு நிமிர்ந்திருந்தது.

மருதாயி வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து இன்னும் மாற்றாமல், லாங் ஐலண்ட் என்கிற பக்கத்துத் தீவில் இருக்கிற தன் பெரியம்மா மகளுக்குப் போன் போட்டாள். "ஆமா, நாலு பேருமே ஏறிட்டோம். யாரு ஏத்தினதா? எங்கண்ணன் மக. அப்புறம் பேசறேன், வையி, இன்னும் அக்கரை வரல."