கேமராவைக் கண்டால் நிற்கும் ஊர்வலம்

போன வாரம் எங்கள் ஊரில் யாரும் வீட்டில் இல்லை. எல்லோரும் தெருவில்!

கேட்டுக் கேட்டு, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய்... ஒருவழியாகக் கன்னியாகுமரி ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டது. வடசேரியிலிருந்து மணிமேடை வரை குலைவாழை, தோரணம், வெடிச் சத்தம். முன்பின் தெரியாத ஒருவர் என் வாயில் கல்கண்டைப் போட்டுவிட்டுப் போகிறார். யார் நீங்கள் என்று கேட்க வாயைத் திறந்தால் இன்னொருவர் போடுகிறார்!

நானும் சும்மா போகவில்லை. கழுத்தில் பாக்ஸ் கேமரா.

அதற்குக் காரணம் என் மைத்துனன். அமெரிக்காவில் படிக்கிறான். அவன் இருக்கும் பட்டணத்தில் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தேசிய தினத்தைத் தெருவிலேயே கொண்டாடுகிறார்களாம். தான் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தான். ஒரு குண்டு மனிதர் தொப்பியை ஆகாயத்தில் எறிந்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக ஆடுகிறார். ஒருத்தர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. பார்க்கிற நமக்கே கால் துறுதுறுக்கிறது. அப்படி ஒரு படம் நம்ம ஊரிலிருந்து வேண்டாமா? இந்தப் பத்திக்குப் பக்கத்தில் போடுவதாக ஆசிரியரும் சொல்லிவிட்டார்.

ஊர்வலம் வந்தது. முன்னால் நாதஸ்வரம், தவில். பின்னால் மாலையும் கழுத்துமாகச் செல்லையா — இந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன எங்கள் தெருக்காரர். துண்டைச் சுழற்றிக்கொண்டு என்னமாய் ஆடுகிறார்! நான் கேமராவைத் திருப்பினேன்.

"ஏலே, நில்லுங்கலே! அண்ணாச்சி போட்டோ பிடிக்காவ!"

அவ்வளவுதான். தவில் நின்றது. காப்பிக் கடையிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. செல்லையாவை அதில் உட்கார வைத்து, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றுவிட்டார்கள். கல்யாண வீட்டு குரூப் போட்டோதான்!

"நிக்காண்டாம் ஓய், ஆடுங்க!" என்று கத்தினேன்.

"ஆடினா மூஞ்சி எப்பிடி ஓய் விளங்கும்?"

வேறு வழியில்லாமல் ஒன்று எடுத்தேன். அடுத்த தெரு முக்கிலும் இதே கதை. அதற்கடுத்த முக்கிலும்... அந்த நாற்காலியை ஒருவர் தலையில் வைத்துக்கொண்டு கூடவே வருகிறார் ஐயா!

ஃபிலிமில் ஒன்றுதான் மிச்சம். அப்போதுதான் செல்லையாவின் மனைவி தங்கம் என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, அவிய சிரிக்கது மாதிரி ஒண்ணு பிடிச்சித் தாருங்க. அவியளுக்க போட்டோ ஒண்ணுகூட வீட்டில இல்ல. ஜெயில்ல போலீஸ்காரன் பிடிச்சதுதான் இருக்கு. அதும் அவனுக்க கையில."

உடனே கேமராவைத் திருப்பினேன். ஆனால் மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தாலே முகம் மாறிவிடுகிறதே! தாடையைத் தூக்கி, கண்ணை உருட்டி... இப்போதுதான் யாரோ விலங்கு மாட்டியது போல. "சிரிங்க செல்லையா" என்றால் உதடு மட்டும் கோணுகிறது. கெஞ்சினேன். கோபித்தேன். ம்ஹூம்!

"இஞ்ச தாருங்க, நான் பிடிக்கேன்" என்று கேமராவை வாங்கிக்கொண்டார் தங்கம்.

இருப்பது ஒரே படம். ஆசிரியருக்கு என்ன சொல்வேன்? அதற்காகப் பிடுங்கவா முடியும்? வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே இருக்கும் கண்ணாடியில் குனிந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். பெண்பிள்ளை போட்டோ பிடிக்கிறாள் என்றதும், வரிசையில் நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க அவருக்குப் பின்னால் வந்து குவிந்துவிட்டார்கள். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உர்ரென்ற முகத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

செல்லையா பார்த்தார். தாடை மெல்ல இறங்கியது.

"ஏட்டி தங்கம், சோறு வெந்திட்டான்னு பாக்கியா?"

சொன்னவருக்கே தாங்கவில்லை. நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, மாலை ஒரு பக்கம் தொங்க, அப்படி ஒரு சிரிப்பு! 'டக்' — தங்கம் விசையைத் தட்டிவிட்டார்.

பக்கத்தில் நீங்கள் பார்ப்பது அந்தப் படம்தான். கை ஆடியிருக்கிறது. உச்சந்தலை கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது. இருந்தால் என்ன? இன்னொரு பிரதி செல்லையா வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது.

"எல்லாம் சரி, ஊர்வலம் எங்கே?" என்று கேட்கிறார் ஆசிரியர்.

அது தங்கத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது ஸார்!